பால்மரக் காட்டிடையே ஒரு சைக்கிள் பயிற்சித் திடல்

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் மாலை ஐந்து மணியளவில் நாம் பலமுறை கண்ட காட்சி ஒன்றுண்டு. விடியலில் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வந்த பெரியவர்கள் வாசலில் அமர்ந்து இளைப்பாறிக்கொண்டிருப்பர். பள்ளி விட்டு வந்த சிறுவர்களோ பழைய சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வீட்டு வரிசைக்குப் பின்னாலுள்ள சரிவை நோக்கிப் புறப்படுவர். அங்கே ஒரு மேடு இருக்கும். இல்லையெனில் தாமே ஒன்றைக் கட்டுவர். மேட்டின்மீது விரைந்தேறி ஒரு கணம் காற்றில் மிதந்து இறங்குவதே அவர்களுடைய ஆட்டம்.

கிந்தா மாவட்டத்தில் நாம் அறிந்த ஒரு தோட்டத்தில், பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிலர் பழைய நிரைகளை வெட்டி வீழ்த்திய இடத்தில் மூன்று மேடுகளை எழுப்பியிருந்தனர். அவ்வழியே அலுவல் நிமித்தம் சென்ற நாம் அவர்களுடைய உழைப்பைப் பாராட்டிவிட்டு வந்தோம். அந்நிலம் யாருடையது என்று கேட்கவில்லை. மேட்டை ஒட்டி நின்ற அடிக்கட்டையையும் கவனிக்கவில்லை. சில வாரங்களுக்குப் பின் ஒரு சிறுவன் அந்தக் கட்டையின்மீது விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை டிராக்டர் வந்து மூன்று மேடுகளையும் சமப்படுத்திச் சென்றது. நிர்வாகத்தின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அச்சிறுவர்கள் அதன்பின் சைக்கிளைத் தொடவில்லை என்று கேள்வியுற்றபோது, நாம் அன்று பாராட்டியதோடு நில்லாமல் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கலாமே என்று வருந்தினோம். இக்கட்டுரையில் அவ்விரண்டு கேள்விகளையும், அவற்றைத் தொடர்ந்து வருவனவற்றையும் ஆராய்வோம்.

மலைச்சைக்கிள் என்பது யாது?

தார்ச்சாலையில் ஓடும் சைக்கிளுக்கும் மலைச்சைக்கிளுக்கும் உள்ள வேறுபாடு, தடித்த முரட்டு டயரும், அகன்ற கைப்பிடியும், வலுவான பிரேக்கும், ஏற்றத்திற்கேற்ற பல கியர்களும் ஆகும். இவ்விளையாட்டு பணக்காரர் வீட்டுக் கூடத்தில் பிறந்ததன்று. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் மாவட்டத்து இளைஞர் சிலர் குப்பையில் கிடந்த பழைய கனத்த சைக்கிள்களைப் பழுதுபார்த்து, மலையிலிருந்து மண்பாதை வழியே இறங்கத் தொடங்கினர். 1976 முதல் அவர்கள் நடத்திய ஒரு பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். மலையிறங்கும்போது பின்சக்கரத்து பிரேக் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் முழுவதும் எரிந்து புகைந்துவிடும். கீழே வந்ததும் மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த 'மீண்டும் அடைத்தல்' என்பதே பெயராயிற்று. பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு மலைக்காட்டுச் செம்மண் பாதையில் சைக்கிள் மிதித்த நம் பெரியவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது. அவர்கள் அதைப் பந்தயம் என்று அழைக்கவில்லை என்பதொன்றே வேறுபாடு.

இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மலைச்சைக்கிள் ஒரு போட்டியாக இடம்பெற்றது. பி.எம்.எக்ஸ் எனப்படும் சிறிய சைக்கிளின் ஓட்டப்பந்தயம் 2008 பெய்ஜிங்கில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலும் சைக்கிளுக்குப் பெயருண்டு. திரெங்கானுவின் டுங்குனைச் சேர்ந்த அஸிஸுல்ஹஸ்னி அவாங் 2017-இல் கெய்ரின் போட்டியில் உலக வெற்றியாளரானார். ஈப்போவிலேயே மக்கள் வெலோட்ரோம் என்னும் பந்தயத் தளம் உள்ளது. எனினும் வெலோட்ரோமில் ஓடுவதற்கு முன்னர், சைக்கிளைத் தன் உடம்பின் ஓர் உறுப்பாகக் கையாளக் கற்க வேண்டும். சமன்பாடு, வளைவில் சாய்தல், பிரேக்கை அளந்து பிடித்தல், மேட்டில் உடலை அமர்த்தியும் எழுப்பியும் வேகம் பெறுதல் ஆகிய திறன்களைச் சிறிய அளவிலும் தாழ்ந்த உயரத்திலும் படிப்படியாகப் பழகிக்கொள்ள அமைக்கப்படும் இடமே பயிற்சித் திடல். மலை முழுவதும் இதற்குத் தேவையில்லை. கால்பந்துத் திடலில் பாதியளவு நிலமும், அதில் இலேசான சரிவும் இருந்தால் போதும்.

முதற் கேள்வி: நிலம் யாருடையது?

தோட்டப்புற மக்களுக்கு இக்கேள்வியின் கனத்தை நாம் விளக்கத் தேவையில்லை. மூன்று தலைமுறையாகக் காலடியில் மிதித்த மண் தமக்குரியதன்று என்பதைத் தோட்டம் கைமாறிய நாளில் உணர்ந்த குடும்பங்கள் பல. எனவே, இதில் நமக்குப் பாடமாக நிற்கும் ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் காண்போம்.

கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை அடுத்துள்ள புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அரசாங்கம் அந்நிலத்தை எடுத்துக்கொண்டபின், 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் அருகிலேயே தற்காலிக நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீடு பின்னர் கிடைக்கும் என்பது அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கை. வெட்டப்படாது நின்ற பால்மரங்களுக்கிடையே புதுக்காடு மண்டியது. நகரத்துச் சைக்கிளோட்டிகள் அச்சரிவுகளைக் கண்டுபிடித்தனர். பல ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் மண்வெட்டியும் வாளியுமாகச் சென்று, வளைந்து நெளிந்து செல்லும் தடங்களை அமைத்தனர். இதற்கெனக் கோலாலம்பூர், சிலாங்கூர் தடங்கள் சங்கம் ஒன்றும் தோன்றியது. சுருக்கமாக அதனை 'டிராக்ஸ்' என்பர். பழைய ரப்பர்த் தோட்டம் மலைச்சைக்கிளுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு நாட்டில் இதனினும் சிறந்த சான்றில்லை.

ஆனால், தடம் அமைத்தவர்களின் கையில் உழைப்பு இருந்ததேயன்றி நில உரிமை இல்லை. பின்னர் அங்கே பொதுப் பூங்கா வேலைகள் தொடங்கியபோது, வேலியும் கற்பாவிய நடைபாதையும் சில தடங்களின் குறுக்கே வந்தன. தன்னார்வத்தால் அமைந்தவை அழிந்தபோது முறையிட ஓர் ஆவணமும் இல்லாமற் போயிற்று.

அதே மலையடிவாரத்தில் இன்னொரு வழக்கும் எழுந்தது. ரிம்பா கியாரா பூங்கா என்னும் பசுமையிடத்தில் அடுக்குமாடி வீடமைப்புக்கு 2017-இல் மேம்பாட்டு அனுமதி வழங்கப்பட்டது. சுற்றுப்புறக் குடியிருப்பாளர்கள் அதனை எதிர்த்து வழக்காடினர். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, அவ்வனுமதி செல்லாதாயிற்று. பசுமையிடம் காப்பாற்றப்பட்டது குறித்து மகிழ்ந்தோர் பலர். ஆனால், அந்த வீடமைப்புத் திட்டத்தில் தங்களுக்கென ஒதுக்கப்படவிருந்த வீடுகளை எதிர்நோக்கியிருந்தோர் வேறெவருமல்லர். நீள்வீடுகளில் நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்த முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே. பூங்கா வேண்டும் என்றோரின் கோரிக்கையும் நியாயம். வீடு வேண்டும் என்றோரின் கோரிக்கையும் நியாயம். இரண்டும் ஒரே துண்டு நிலத்தின்மீது மோதும் நிலை வந்ததே அங்கு நேர்ந்த துயரம்.

ஆகவே, தோட்டப்புற நண்பர்களே, பேராக்கில் ஒரு பழைய தோட்டத்துத் துண்டு நிலத்தைக் கண்டு 'இது சைக்கிள் திடலுக்கு நல்ல இடம்' என்று நாம் மகிழும்போது, 'யாருடையது' என்று கேட்பதோடு நிற்கலாகாது. அந்த மண்ணில் இதற்கு முன் யாருக்கு என்ன வாக்களிக்கப்பட்டுள்ளது என்றும் கேட்க வேண்டும். வீட்டுக்கென்று பேசப்பட்ட நிலமா? தமிழ்ப்பள்ளியின் விரிவாக்கத்திற்கு மனுச் செய்யப்பட்ட நிலமா? முனியாண்டி கோவிலின் எல்லை எதுவரை? பழைய இடுகாடு எங்கே முடிகிறது? தோட்டத்து இடுகாடுகளில் கல்லறை எழுப்பாத குழிகளே மிகுதி. புல் மூடியபின் அவை வெற்றுத் தரைபோலத் தோன்றும். இவற்றை அறிந்தவர்கள் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய பாட்டிமாரும் ஓய்வுபெற்ற கங்காணிமாருமே. நில அலுவலகத்து வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்களை அழைத்துக்கொண்டு ஒரு முறை நிலத்தைச் சுற்றி நடந்து வருதல் நலம். பிள்ளைகளின் விளையாட்டுக்காக ஒரு குடும்பத்தின் வீட்டுக் கனவையோ மூதாதையரின் உறக்கத்தையோ கலைக்க நாம் துணைபோகலாகாது. அத்தகைய நிலமெனில் வேறிடம் தேடுவதே முறை.

நான்கு வகை நிலங்கள்

ஈப்போ வட்டாரத்தில் பொதுவாக நான்கு வகை நிலங்கள் நம் கண்ணுக்குப் படும்.

முதலாவது, தோட்ட நிறுவனத்திற்குச் சொந்தமான நிலம். இங்கே நிர்வாகியின் வாய்ச்சொல் போதாது. இன்றைய நிர்வாகி நல்லவராக இருந்து இசைவு தரலாம். நாளை அவர் மாற்றலாகிச் செல்வார். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான இசைவுக் கடிதம் வேண்டும். அதில் இடத்தின் அளவு, எத்தனை ஆண்டுகளுக்கு, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு, நிலம் திரும்பத் தேவைப்பட்டால் எத்தனை மாத முன்னறிவிப்பு என்னும் நான்கும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, அரசு நிலம். நில விவகாரம் நம் அரசமைப்பின்படி மாநில அரசைச் சார்ந்தது; எனவே மாவட்ட நில அலுவலகமே நாம் செல்ல வேண்டிய இடம். டி.ஓ.எல். என்று நம் மக்கள் நன்கறிந்த தற்காலிக உரிமம் கிடைக்கலாம். ஆனால் அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிவடையும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிறருக்கு மாற்றித் தரவும் இயலாது. அதை நம்பிச் சிமெண்டு போடுவது அறிவுடைமையாகாது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, பொது நோக்கத்திற்காக நிலத்தை அரசிதழில் அறிவித்து ஒதுக்கி வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலத்தை விளையாட்டுக்குப் பயன்படுத்துவது உறுதியான வழி. காலம் பிடிக்கும், ஆயினும் கேட்டால்தான் கிடைக்கும்.

மூன்றாவது, வீடமைப்புப் பகுதியில் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பிலுள்ள திறந்தவெளி. தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. ஒவ்வொரு தாமானிலும் விளையாட்டுக்கென ஒரு துண்டு நிலம் விடப்பட்டிருக்கும். பல இடங்களில் அதில் புல் ஓராள் உயரம் வளர்ந்து கிடக்கிறது. நம் கருத்தில் முதல் முயற்சிக்கு இதுவே மிக ஏற்றது. சண்டை குறைவு, சாலை அருகில், பெற்றோர் கண்பார்வையில் பிள்ளைகள். ஈப்போ எல்லைக்குள் எனில் ஈப்போ மாநகர் மன்றத்தையும், வெளியே எனில் அவ்வட்டார மாவட்ட மன்றத்தையும் அணுக வேண்டும். நிலம் எவ்வகையாயினும், மண்ணை வெட்டிக் குவிக்கும் வேலைக்கு 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டியிருக்கும் என்பதை மறத்தலாகாது.

நான்காவது, காட்டு நிலம். மெங்கிளம்புவில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கிளேடாங் மலை, நடப்போரும் சைக்கிளோட்டுவோரும் விரும்பும் இடம். ஆனால் நிரந்தரக் காப்புக்காட்டுக்குள் தடம் வெட்டுவதும் மரம் தொடுவதும் வனத்துறையின் அனுமதியின்றிச் செய்யத்தக்கவையல்ல. பழகியவர்கள் அங்கே செல்லட்டும். பழகுவோருக்கான திடலை அங்கே அமைக்க வேண்டா.

கிந்தா பள்ளத்தாக்குக்கே உரிய எச்சரிக்கைகள் இரண்டுண்டு. சுண்ணாம்புக் குன்றின் அடிவாரம் நிழலும் குளிர்ச்சியுமாக நம்மை அழைக்கும். 1973-இல் ஈப்போ குனோங் செரோவில் பாறை சரிந்து, அடியிலிருந்த வீட்டு வரிசை நசுங்கி, நாற்பது பேரளவில் மாண்டதை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். குன்றின் செங்குத்து முகத்தருகே பிள்ளைகள் கூடும் எதையும் அமைத்தலாகாது. அவ்வாறே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். கரை உறுதியாகத் தோன்றினும் உள்ளே சரிந்து ஆழமாக இறங்கும். அக்குட்டைகளைச் சுற்றியுள்ள வெண்மணல் மேடு கட்டவும் உதவாது. களிமண் கலவாவிடில் காலையில் குவித்தது மாலையில் பரந்துவிடும்.

இரண்டாம் கேள்வி: மழைநீர் எங்கே போகும்?

ஈப்போவில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி பிற்பகல் இடிமழையாகச் சிறிது நேரத்தில் கொட்டித் தீர்ப்பது. சைக்கிள் தடத்தைக் கெடுப்பது சக்கரம் அன்று. அச்சக்கரத்தின் சுவடு வழியே ஓடும் நீரே. அமெரிக்காவில் 1988-இல் தோன்றிய அனைத்துலக மலைச்சைக்கிள் சங்கம் தடம் அமைப்போர்க்குச் சில விதிகளைப் பரிந்துரைத்துள்ளது. அவற்றுள் 'பாதி விதி' என்பதை இங்குக் கற்போம். தடத்தின் சாய்வு, அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதியை மீறலாகாது என்பதே அவ்விதி. மீறினால் நீர் தடத்தைக் குறுக்கே கடந்து செல்லாமல், தடத்தையே கால்வாயாக்கிக்கொண்டு ஓடும். அத்துடன் தடத்தின் சராசரிச் சாய்வு நூற்றுக்குப் பத்தைத் தாண்டாதிருத்தல் நலம்.

சாய்வை அளப்பது எவ்வாறு? இதற்குப் பொறியாளர் வேண்டியதில்லை. உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் குழாய் பன்னிரண்டு மீட்டர், இரண்டு மீட்டர் உயரக் கம்புகள் இரண்டு, பத்து மீட்டர்க் கயிறு, அளவு நாடா ஆகியவை போதும். குழாயில் நீரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாதவாறு செய்து, இரு முனைகளையும் இரு கம்புகளில் பிடிக்க வேண்டும். ஒருவர் மேலேயும் மற்றவர் நேர் கீழேயும் நிற்க, இடைவெளி கிடைமட்டமாகப் பத்து மீட்டர் இருக்கட்டும். நீர் இரு முனைகளிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். மேல் முனையில் தரையிலிருந்து நீர்மட்டம் 20 சென்டிமீட்டர் எனவும், கீழ் முனையில் 1 மீட்டர் 80 சென்டிமீட்டர் எனவும் கொள்வோம். வேறுபாடு 1 மீட்டர் 60. பத்து மீட்டருக்கு 1.6 மீட்டர் இறக்கம். அதாவது நூற்றுக்கு 16. இதில் பாதி 8. எனவே, அச்சரிவில் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு தடம் 4.8 மீட்டருக்கு மேல் இறங்கலாகாது. ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். பிள்ளைகளிடமே கொடுத்துச் செய்யச் சொன்னால், வகுப்பில் சதவீதம் விளங்காத சிறுவனுக்கும் அன்று விளங்கிவிடும். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இதில் தனி மகிழ்ச்சி.

தடத்தின் குறுக்கே, வெளிப்பக்கமாக நூற்றுக்கு ஐந்தளவு சாய்வு கொடுக்க வேண்டும். நீர் வெளியே வழிந்துவிடும். இங்கேதான் தோட்டத்துப் பழக்கம் நம்மை ஏமாற்றும். பால்மரம் நட மலைச்சரிவில் வெட்டிய படிவரிசைகள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நீரும் மண்ணும் மரத்தடியில் தங்க வேண்டும் என்பதற்காக அவ்வாறு வெட்டினர். மரத்திற்கு நல்லது, சைக்கிளுக்குத் தீது. பழைய படிவரிசையை அப்படியே தடமாகக் கொண்டால் மழைக்குப் பின் மூன்று நாள் சேறு நிற்கும். அதனை வெளிநோக்கித் திருத்திய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

என்னென்ன அமைக்கலாம்?

முதலில் அமைக்க வேண்டியது, 'பம்ப் டிராக்' எனப்படும் மேடுபள்ளச் சுற்று. வட்டமாகவோ நீள்வட்டமாகவோ சிறு மேடுகள் அடுத்தடுத்து வரும். மிதிக்காமலே, மேட்டில் உடலைத் தளர்த்தியும் இறக்கத்தில் அழுத்தியும் வேகம் பெறலாம். ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே சுற்றில் பழகலாம் என்பது இதன் சிறப்பு. மேட்டின் உயரத்தைப் போல் பத்து மடங்கு, உச்சிக்கும் உச்சிக்கும் இடைவெளி இருக்க வேண்டும். உயரம் 30 சென்டிமீட்டர் எனில் இடைவெளி 3 மீட்டர். பள்ளத்தைத் தோண்டி அமைத்தலாகாது. தோண்டினால் ஒவ்வொன்றும் மீன்குளமாகும். வெளியிலிருந்து மண் கொணர்ந்து தரைக்கு மேலே எழுப்ப வேண்டும். சிறு கல்லும் களியும் கலந்த செம்மண் இதற்கு உகந்தது. ஈரப்பதமாக இருக்கும்போது பத்துப் பதினைந்து சென்டிமீட்டராகப் பரப்பி இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கை இட வேண்டும். திருப்பங்களில் வெளிப்பக்கம் உயர்த்திய வளைவுகள் அமையும். மேட்டின் ஓரங்களில் மாட்டுப்புல் பத்தைகளைப் பதித்தால் மழை அரிக்காது.

அடுத்து, சமநிலைப் பலகைகள். இவற்றை முதலில் தரையோடு தரையாகக் கிடத்த வேண்டும். 30 சென்டிமீட்டர் அகலத்தில் தவறாது செல்லக் கற்றவன் 20-க்கும், பின்னர் 15-க்கும் போகட்டும். தரையில் வீழ்ந்து கற்பதற்குரியதை உயரத்திலிருந்து வீழ்ந்து கற்க வேண்டியதில்லை. பின்னர், அசையாதவாறு பாதியளவு புதைத்த கருங்கற்களால் கல்தடம். தாண்டுமேடு அமைப்பதாயின் நடுவில் வெற்றிடமின்றி மேற்பரப்பு தட்டையாக இருத்தல் வேண்டும். தாண்ட முடியாதவன் உருண்டு கடந்து செல்வான். படியிலிருந்து குதிக்கும் இடத்தில், குதிக்க விரும்பாதவன் உருண்டிறங்க ஒரு மாற்றுச் சரிவும் பக்கத்திலேயே வேண்டும்.

கடினமான தடத்தின் வாயிலில் அத்தடத்தின் கடினத்தைக் காட்டும் ஒரு சிறு சோதனையை வைப்பது நல்ல உபாயம். நுழைவிலேயே ஒரு குறுகலான பலகையோ கற்குவியலோ இருப்பின், அதனைக் கடக்க இயலாதவன் உள்ளே செல்லமாட்டான். பெரியவர்கள் அதட்டுவதைவிட இது பயன் தரும். உலகெங்கும் வழங்கும் அடையாளங்களையே நாமும் கொள்ளலாம்: எளியதற்குப் பச்சை வட்டம், நடுத்தரத்திற்கு நீலச் சதுரம், கடினத்திற்குக் கறுப்புச் சாய்சதுரம். தடத்தின் இருபுறமும் ஒன்றரை மீட்டர் வரை கட்டை, கல், முனை, வேலிக்கம்பி எதுவும் இருத்தலாகாது. அந்தச் சிறுவனின் தோள்பட்டை முறிந்தது மேட்டினால் அன்று, பக்கத்திலிருந்த கட்டையினால் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பால்மரமும் சைக்கிளும்

1877-இல் கோல கங்சாரில் நடப்பட்ட ஒரு சில கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. அம்மரத்தைப் பற்றி நம் வாசகர்கள் அறியாததை நாம் கூறுவதற்கில்லை. ஆயினும், திடல் அமைக்க வரும் வெளியூர் நிபுணர் இவற்றை அறியமாட்டார். நீங்களே அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வெட்டிய பால்மரம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதில் பலகை அறுத்துத் தடம் போட்டால், சில வாரங்களில் பூஞ்சையும் வண்டும் உள்ளே புகுந்துவிடும். தொழிற்சாலையில் மருந்தேற்றிய பால்மரம் மேசை நாற்காலிக்கு நல்லது. மழையில் கிடக்கவும் பிள்ளைகளின் எடையைத் தாங்கவும் அன்று. செங்கால் போன்ற வன்மரத்தின் பழைய துண்டுகள் கிடைக்குமாயின் அவற்றைக் கொள்க. வெள்ளை வேர் நோய் கண்ட மரம் வெளியே பச்சையாக நின்று ஒரு காற்றில் வேரோடு சாயும். வயது முதிர்ந்த மரங்களின் கிளையும் அவ்வாறே முறியும். எனவே, நிழலுக்கென மரங்களை விட்டுவைப்பதற்கு முன் ஒவ்வொன்றின் அடியையும் பார்வையிட வேண்டும். இலையுதிர் காலத்தில் காய்ந்த இலை தடத்தை மூடி வழுக்கும். காய் வெடிக்கும் காலத்தில் கொட்டைகள் சக்கரத்தின் கீழ் கோலிக்குண்டுபோல் உருளும். அக்காலங்களில் நாள்தோறும் பெருக்குதல் வேண்டும். கைவிடப்பட்ட காட்டில் கிடக்கும் பழைய பால் மங்குகளை முதல் நாளே பொறுக்கி எடுத்துவிடுக. அவற்றில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு பெருகும். விளையாட வந்த பிள்ளை டிங்கியோடு வீடு திரும்பலாகாது. கட்டைக் குவியலைப் பிரிக்கும்போது பாம்பு குறித்தும் கவனம் தேவை.

யார் நடத்துவது?

இளைஞர் மன்றம், ஆலயக் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா இவற்றுள் எது ஊரில் உயிரோடு இயங்குகிறதோ அதன் கீழ்த் தொடங்கலாம். நிலத்துக்கான கடிதம் ஒரு மனிதரின் பெயரில் இராமல் பதிவு பெற்ற அமைப்பின் பெயரில் இருத்தல் அவசியம். தனி விளையாட்டுச் சங்கமாக அமைக்க விரும்புவோர் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். குழுவில் மலாய், சீன அண்டை வீட்டார் இருத்தல் நலம். திடல் பொதுவாக இருந்தால் அதைக் காக்கவும் ஆள் பலராவர். பெண்பிள்ளைகளுக்கு இடம் விடுங்கள் என்று சொன்னால் போதாது. முதல் நாள் முதற்கொண்டு அவர்களுக்கென ஒரு நேரமும், கற்றுத்தர ஒரு மூத்த சகோதரியும் இல்லையெனில், ஒரு மாதத்தில் திடல் முழுவதும் அண்ணன்மாருக்கே உரியதாகிவிடும். இதை நாம் கால்பந்துத் திடல்களில் கண்டிருக்கிறோம்.

பணத்தைப் பற்றிக் கவலை எழும். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டியே தோட்டங்களை வாங்கினர். அதனோடு ஒப்பிட ஒரு மண்மேடு சிறு காரியம். செலவில் பெரும்பகுதி மண் ஏற்றும் லோரிக்கும் தலைக்கவசங்களுக்குமே ஆகும். வீட்டுக்கு ஒரு மலைச்சைக்கிள் என்பது நம் மக்களுக்கு இயலாது. நல்ல பிரேக்குள்ள பொதுச் சைக்கிள் ஐந்தாறு இருந்தால் முறைவைத்து ஓட்டலாம். வேலையிட விபத்துக்கான காப்புறுதி விளையாட்டு விபத்தையும் ஈடுகட்டும் என்று எவரும் தாமாக எண்ணிவிடுதல் கூடாது. குழுக் காப்புறுதி ஒன்றை முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் கையெழுத்துத் தேவை. ஆம்புலன்ஸ் வாயில்வரை வரக்கூடிய பாதையும், திடலின் பெயர், கிலோமீட்டர்க் கல், 999 என்னும் எண் ஆகியவை எழுதிய பலகையும் திறப்பு விழாவுக்கு முன்பே இருத்தல் வேண்டும். இடி முழங்கினால் ஆட்டம் நிற்கும். தரை ஈரமாயின் வாயிற் சங்கிலி பூட்டப்படும். இவ்விரண்டு விதிகளுக்கும் விலக்கு எவருக்கும் இல்லை.

தொடங்க விரும்புவோர்க்கு நாம் கூறும் முதல் வேலை மண்வெட்டியைக் கேட்பதன்று. நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், முன்னர்க் கூறிய முதியோர் இருவரையும் பிள்ளைகளையும் நீர்க்குழாயையும் உடன்கொண்டு, கருதிய நிலத்தைச் சுற்றி வருக. நீர் தேங்கிய இடம், ஓடிய தடம், கோவில், இடுகாடு, அடிக்கட்டை, பழைய கிணறு, நோயுற்ற மரம் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்க. அளந்த சாய்வுகளையும் எழுதுக. அத்தாளின் படியோடு ஒரு பக்க மனுவை எழுதி, நிலத்துக்குரிய அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இட்ட பிரதியைக் கேட்டு வாங்குக. அந்தப் பிரதி செயலாளரின் வீட்டில் இராமல், சங்கத்தின் கோப்பில் இருக்கட்டும்.